வேதியியல் ஆசான் பிரபுல்ல சந்திர ராய்

1890ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கல்கத்தா நகரின் மருந்துக் கடைகளில் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இருந்த உப்புகளும் அமிலங்களும் மருந்துப் பாகுகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. எலும்புச் சாம்பலிலிருந்து செய்யப்படும் சோடியம் பாஸ்பேட்டும், பழைய இரும்பிலிருந்து செய்யப்படும் அன்னபேதியும்கூடக் கடல் கடந்தே வந்தன. எலும்புக்கும் இரும்புக்கும் வங்காளத்தில் பஞ்சமில்லை. அவற்றை மருந்தாக மாற்றும் வேதிவினைகள் நூல்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. கல்லூரிகளில் அவை பாடமாகவும் நடத்தப்பட்டன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினர். தேர்வு முடிந்ததும் மறந்தனர். நூலில் உள்ளதைக் கலத்தில் இட்டுக் காய்ச்சிப் புட்டியில் அடைத்து விற்க இந்தியர் பெரும்பாலோர் துணியவில்லை. அதற்குத் துணிந்தவர் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியம் பெற்றுவந்த ஓர் இளம் ஆசிரியர். மெலிந்த உடலும் தீராத வயிற்று நோயும் உடையவர். அவரே பிரபுல்ல சந்திர ராய்.

ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கபோதாட்ச ஆற்றின் கரையிலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது வங்காளதேச நாட்டில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களின்மேல் பெருங்காதல் கொண்டவர். தாயார் புவனமோகினி தேவி. பிள்ளைகள் நல்ல கல்வி பெற வேண்டும் என்பதற்காகக் குடும்பம் 1870இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1874இல் சிறுவன் கடும் வயிற்றுக்கடுப்பால் தாக்குண்டான். பள்ளியை விட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே கிடக்க நேர்ந்தது. நோய் அவனுடைய உடலை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகவில்லை. தந்தையாரின் நூலகத்தில் இருந்த நூல்களை அவன் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தான். பெரியோர் வாழ்க்கை வரலாறுகளிலும் இலக்கியத்திலும் மனம் தோய்ந்தது. இலத்தீன் மொழியையும் தானே கற்கத் தொடங்கினான். இலக்கியமே தன் துறை என்று அக்காலத்தில் அவன் எண்ணியிருந்தால் வியப்பில்லை.

பின்னர் அவர் ஈசுவர சந்திர வித்யாசாகரின் கல்லூரியில் சேர்ந்தார். கட்டணம் குறைவான அக்கல்லூரியில் அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லை. எனவே வேதியியல் வகுப்புகளுக்காக மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்று, அலெக்சாண்டர் பெட்லர் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரின் பாடங்களைக் கேட்டார். பெட்லர் செய்முறைகளை நேர்த்தியாகச் செய்து காட்டுவதில் வல்லவர். அவர் கலத்தில் நிகழ்த்திக் காட்டிய மாற்றங்கள் இளைஞரின் மனத்தை இலக்கியத்திலிருந்து வேதியியலுக்குத் திருப்பின. 1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று ராய் ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே செம்பு, மக்னீசியம் முதலிய உலோகங்களின் சல்பேட் உப்புகள் ஒன்றோடொன்று கூடிப் படிகமாவதை ஆராய்ந்து, 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1888இல் தாயகம் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. கல்வித் துறையின் உயர் பணிகள் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலேயருக்கென்றே வைக்கப்பட்டிருந்தன. ஓராண்டுக்காலம் நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் தங்கிக் காத்திருந்தார். இறுதியில் 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது; அதுவும் கீழ்நிலைப் பணியாக, குறைந்த ஊதியத்தில். அதே பட்டத்துடன் இங்கிலாந்திலிருந்து வரும் ஒருவர் பெற்றிருக்கக்கூடிய ஊதியம் பன்மடங்கு மிகுதி. இந்த அநீதியை அவர் மேலிடத்தில் எடுத்துரைத்தார், பயனில்லை. அதன்பின் அதைப்பற்றி முறையிட்டுக் காலம் கழிக்காமல் ஆய்வுக்கூடத்துக்குள் சென்றுவிட்டார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட ஆய்வு, கல்கத்தாவின் சமையலறையைச் சேர்ந்தது. கடைகளில் விற்கும் நெய்யும் கடுகெண்ணெயும் தூயவையா, கலப்படம் உற்றவையா என்பதை அறிய விரும்பினார். கொழுப்பைக் காரத்துடன் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். எவ்வளவு கொழுப்பு எவ்வளவு காரத்தை ஏற்கிறது என்பது கொழுப்புக்குக் கொழுப்பு மாறுபடும். எனவே கலப்படத்தைக் கண்டறிய இவ்வினை நல்ல உரைகல்லாகும். ஆனால் உரைகல்லில் தேய்க்கத் தூய பொன்னும் வேண்டுமல்லவா? கடை நெய்யை நம்ப முடியாது. ஆகவே மாட்டைத் தம் முன்னிலையில் கறக்கச் செய்து, அப்பாலிலிருந்து வெண்ணெய் எடுக்கச் செய்தார். கடுகையும் தம் கண்ணெதிரே ஆட்டச் செய்தார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு உழைத்து, 1894இல் முடிவுகளை வெளியிட்டார்.

இதற்கிடையே, 1892இல் அப்பர் சர்க்குலர் சாலையில் 91ஆம் எண்ணுள்ள வாடகை வீட்டில் ஒரு சிறு தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அதன் முதலீடு சுமார் 700 ரூபாய். அதற்கு வங்காள இரசாயன மருந்துத் தொழிற்கூடம் என்னும் பெரிய பெயர். பெயரைத் தவிர மற்றவை எல்லாம் சிறியவை. மாலையில் கல்லூரியிலிருந்து திரும்பியதும், அடுப்பும் மண்சட்டியும் கண்ணாடிக் குடுவையுமாக வேலை தொடங்கும்.

எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் செய்வது அவருடைய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. சாற்றில் சுண்ணக்கல் தூளைச் சேர்த்தால் நுரை பொங்கும். கரியமில வாயு வெளியேறும். அமிலத்தின் புளிப்பு நீங்கி, கால்சியம் சிட்ரேட் என்னும் உப்பு கீழே படியும். இது நடுநிலையாக்கல் எனப்படும். அவ்வுப்பைப் பிரித்தெடுத்துக் கந்தக அமிலத்துடன் சேர்த்தால் சிட்ரிக் அமிலம் மீண்டும் தூயதாய்க் கிடைக்கும். வினையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கல்கத்தாவில் எலுமிச்சையின் விலை கட்டுப்படியாகவில்லை. வேதிச் சமன்பாட்டில் இடப்பக்கம் உள்ள பொருளுக்கு விலையும் உண்டு என்பதை நூல்கள் சொல்வதில்லை. ராய் அம்முயற்சியைக் கைவிட்டார்.

இரும்பு அவரைக் கைவிடவில்லை. பழைய இரும்புத் துண்டுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டால் குமிழிகள் எழும். அக்குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. அமிலத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடுகிறது. வலியது மெலியதை இடம்பெயர்ப்பதால் இதனை இடப்பெயர்ச்சி வினை என்கிறோம். கரைசலை வடிகட்டிச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால் இளம்பச்சைப் படிகங்கள் விளையும். சித்த மருத்துவர்கள் பன்னெடுங்காலமாக அன்னபேதி என்று வழங்கிவரும் பொருள் இதுவே. குருதிச் சோகைக்கு மருந்தாகும் இரும்பு சல்பேட் இது.

அடுத்து அவர் மனம் எலும்பின்மேல் சென்றது. சோடியம் பாஸ்பேட் செய்ய எலும்புச் சாம்பல் தேவை. ராஜாபஜார் இறைச்சிக் கடைகளிலிருந்து சில மூட்டை எலும்புகளை வாங்கிவந்து, வெயிலில் உலர்த்துவதற்காக வீட்டு மொட்டை மாடியில் பரப்பினார். குளிர்காலமாதலால் மழை வராது என்பது அவர் கணக்கு. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, விடவுமில்லை. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது. காக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கொத்திய எலும்பை அண்டை வீட்டு மாடிகளிலும் போட்டன. ஆசாரம் மிக்க அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். உடனே அகற்றாவிடில் நகராட்சி சுகாதார அலுவலரிடம் முறையிடுவதாக எச்சரித்தனர்.

ராய் எலும்புகளை நகரின் ஓரத்திலிருந்த மாணிக்தலாவுக்குக் கொண்டுசென்று, வெட்டவெளியில் குவித்துத் தீ மூட்டினார். நள்ளிரவில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. எலும்பு கருகும் வாடை பரவியது. சுற்றுக்காவலில் இருந்த காவலர் ஓடோடி வந்தார். யாரையோ கொன்று உடலை மறைவாக எரிக்கிறார்கள் என்பது அவர் ஐயம். தடியால் குவியலைக் கிளறிப் பார்த்து, மாட்டெலும்பு என்று தெளிந்த பிறகே அவர் திரும்பிச் சென்றார்.

அந்த நெருப்பில் நடந்தது என்ன? எலும்பில் உள்ள தசை, கொழுப்பு, பசை ஆகியவை கரிமப் பொருள்கள். அவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிப் பறந்துவிடும். இது எரிதல் வினை. ஆக்ஸிஜனேற்றத்தின் விரைவான வடிவம். எரியாமல் எஞ்சுவது வெண்ணிறச் சாம்பல். அதன் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அது ஏற்க வேண்டிய ஆக்ஸிஜனை முன்னரே ஏற்றுவிட்டதனால் மேலும் எரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. புழு, நாற்றம், தீட்டு என்று எவையெல்லாம் அண்டை வீட்டாரை அருவருக்கச் செய்தனவோ, அவை யாவும் புகையோடு போய்விட்டன.

இச்சாம்பலைக் கந்தக அமிலத்துடன் கலந்தால் கால்சியத்தின் பெரும்பங்கு சல்பேட்டோடு சேர்ந்து கீழே படியும். பாஸ்பேட் கரைசலில் தங்கும். அக்கரைசலில் சலவைச் சோடாவைச் சேர்த்தால் மீந்த கால்சியமும் வீழ்படிவாகிவிட, சோடியம் பாஸ்பேட் நீரில் கரைந்து நிற்கும். கோலாட்டம் ஆடுவோர் பாட்டின் ஓட்டத்தில் இணை மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் இரண்டு சேர்மங்கள் தத்தம் இணையை மாற்றிக்கொள்கின்றன. இதற்கு இரட்டை இடப்பெயர்ச்சி என்று பெயர். மாறிய இணைகளுள் ஒன்று நீரில் கரையாமல் வீழ்வதனால்தான் மற்றொன்றை எளிதில் பிரித்தெடுக்க முடிகிறது. வடிகட்டிய கரைசலைக் காய்ச்சிய ராய்க்குப் பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. அவை இங்கிலாந்திலிருந்து வந்தவற்றுக்குத் தூய்மையில் சற்றும் குறைந்தவை அல்ல.

கல்லூரி வகுப்பிலும் இப்பாடத்தை அவர் தமக்கே உரிய முறையில் நடத்தினார். எலும்புத் துண்டு ஒன்றை ஊதுகுழல் தீயில் நன்றாகச் சுட்டு வெண்சாம்பலாக்குவார். அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொள்வார். அந்நாளில் அது சாதாரணச் செயலன்று. வகுப்பில் பாதிப்பேர் திகைத்துப் போயிருப்பர். சாம்பல் எந்த விலங்கின் எலும்பிலிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் இனிக் கூற இயலாது. அது கால்சியம் பாஸ்பேட், அவ்வளவே. வேதிவினை முடிந்தபின் பொருளின் பழைய தன்மை எஞ்சுவதில்லை என்னும் கருத்தை இதனினும் அழுத்தமாக மனத்தில் பதிக்க முடியாது.

பொருள் செய்வது ஒரு பாடு என்றால், விற்பது மறுபாடு. உள்ளூர்ச் சரக்கு என்றதும் மருந்துக் கடைக்காரர்கள் முகம் சுளித்தனர். இக்கட்டான அந்நேரத்தில் மருத்துவர் அமுல்ய சரண் போஸ் துணையாக வந்து சேர்ந்தார். அவர் பிற மருத்துவர்களிடம் பேசி, உள்நாட்டு மருந்துகளை எழுதித் தரும்படி செய்தார். ஓமம், ஆடாதோடை, நிலவேம்பு முதலிய நாட்டு மருந்துச் சரக்குகளின் சாற்றை அளவும் தரமும் வகுத்துப் புட்டியில் அடைத்து விற்கும் வழக்கமும் அவரது முயற்சியாலேயே அங்கு ஏற்பட்டது. தொழிற்கூடம் மெல்லக் காலூன்றியது. அந்நிலையில் 1898இல் கல்கத்தாவில் பரவிய பிளேக் நோய்க்கு அமுல்ய சரண் பலியானார். அவருக்கு உறவினரான இளம் வேதியியலாளர் ஒருவரும் நச்சு அமிலத்தால் நேர்ந்த விபத்தில் உயிரிழந்திருந்தார். பகலில் கல்லூரி, மாலையில் தொழிற்கூடம், உள்ளே ஓயாத வயிற்று நோய் என்று இருந்த ராயின் தோளில் முழுச் சுமையும் விழுந்தது. கூடத்தை மூடிவிடலாம் என்று பலர் கருதியிருக்கக் கூடும். அவர் மூடவில்லை. 1901இல் அது பங்கு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னர் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. கந்தகத்தை எரித்துக் கந்தக அமிலம் செய்யும் ஈய அறைகளும் அங்கு அமைந்தன. தீயணைப்புக் கருவிகளும் அங்கே செய்யப்பட்டன. அந்நாளைய தீயணைப்புக் கருவியின் உள்ளே சோடா உப்புக் கரைசலும் அமிலமும் தனித்தனியே இருக்கும். இரண்டும் கலந்ததும் கரியமில வாயு பெருகித் தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும். எலுமிச்சைச் சாற்றில் பொங்கிய அதே நுரை இங்கே தீயை அணைக்கப் பயன்பட்டது.

தொழிற்கூடம் தொடங்கிய அதே ஆண்டுகளில் கல்லூரி ஆய்வகத்தில் ராயின் பெயரை உலகறியச் செய்த நிகழ்ச்சி நடந்தது. தனிம அட்டவணையில் அப்போது நிரம்பாதிருந்த கட்டங்களுக்குரிய புதிய தனிமங்கள் இந்திய அரிய கனிமங்களில் கிடைக்குமா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அத்தேடலில் அவை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

1895ஆம் ஆண்டு. பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடாக்காமல் வைத்திருந்தார். மெர்க்குரஸ் நைட்ரேட் என்னும் உப்பு அவருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டது. கலத்தைப் பார்த்தபோது பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருந்தன. எதிர்பார்த்த உப்பு நிறமற்றது. பிறகு இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? காரத்தன்மையுள்ள உப்பு ஏதேனும் உண்டாகியிருக்கலாம் என்று முதலில் கருதினார். ஆனால் கலத்தில் இருப்பதோ அமிலம். அமிலத்தின் நடுவே காரத்தன்மையுள்ள உப்பு விளைவது வழக்கத்துக்கு மாறானது. வேறொருவராயின் அழுக்கு என்று எண்ணிக் கழுவிக் கொட்டியிருப்பார். ராய் அப்படிகங்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது.

நைட்ரேட், நைட்ரைட் என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. வேதியியலில் அது பெரிய வேறுபாடு. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஆக்ஸிஜன் அணுக்கள், நைட்ரைட்டில் இரண்டு. இரும்பைப்போல ஹைட்ரஜனை வெளியே தள்ளும் வலிமை பாதரசத்துக்கு இல்லை. எனவே இங்கு நடப்பது எளிய இடப்பெயர்ச்சி அன்று. நைட்ரிக் அமிலமே பாதரசத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. அவ்வாறு செய்கையில் தன் ஆக்ஸிஜனில் ஒரு பங்கை இழந்து தான் ஒடுக்கம் அடைகிறது. ஒன்று ஏற்க மற்றொன்று இழப்பதால் ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் எப்போதும் இரட்டையராகவே வரும். இழந்த நிலையில் நின்ற நைட்ரைட், பாதரசத்தைப் பற்றிக்கொண்டு மஞ்சள் படிகமாயிற்று.

இதிலே வியப்பு என்னவெனில், சாதாரண நைட்ரைட்டுகள் அமிலம் பட்டால் சிதைந்து பழுப்பு நிறப் புகையாக வெளியேறும். மெர்க்குரஸ் அயனியும் உறுதியற்றது என்றே கருதப்பட்டது. உறுதியற்ற இரண்டு சேர்ந்து, அமிலத்தின் நடுவிலேயே உறுதியான படிகமாக விளைந்திருந்தது. 1896இல் இச்செய்தி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. இங்கிலாந்தின் நேச்சர் இதழும் அதைக் குறிப்பிட்டது. கல்கத்தாவின் ஓர் ஆய்வகத்தில், கீழ்நிலைப் பணியில் வைக்கப்பட்ட ஓர் இந்தியர் கண்டறிந்த சேர்மம் அது. அதன்பின் பல ஆண்டுகள் நைட்ரைட்டுகளே அவருடைய ஆய்வுப் பொருளாயின.

அவ்வாய்வுகளுள் அமோனியம் நைட்ரைட்டைப் பற்றியது குறிப்பிடத்தக்கது. சூடாக்கினால் இவ்வுப்பு நைட்ரஜனாகவும் நீராகவும் பிரிந்துவிடும். ஒரு பொருள் தனக்குள் உடைந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களாவதைச் சிதைவு வினை என்பர். இவ்வளவு எளிதில் சிதையும் உப்பை ஆவியாக்கி, அதன் ஆவியின் அடர்த்தியை அளக்க இயலாது என்றே அறிஞர் எண்ணினர். ராயும் அவர் மாணவரும் காற்று நீக்கிய கலத்தில், மிகமிக மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தனர். உப்பின் ஒரு பகுதி சிதையாமலேயே ஆவியாயிற்று. 1912இல் பல்கலைக்கழகப் பேராளராக இலண்டன் சென்றிருந்த ராய், அங்குள்ள வேதியியல் கழகத்தில் இம்முடிவை எடுத்துரைத்தார். அரிய வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சே அவரைப் பாராட்டினார்.

ஆய்வகத்தில் புதியதைத் தேடிய அதே கண்கள் பழைய சுவடிகளிலும் தேடின. இந்தியருக்கு வேதியியலில் வரலாறு ஏதும் இல்லை என்னும் எண்ணம் அப்போது பரவியிருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோ தந்த ஊக்கத்தால், வடமொழி இரச நூல்களின் ஏடுகளைப் பல இடங்களிலிருந்து திரட்டி ஆராய்ந்தார். இந்து வேதியியலின் வரலாறு என்னும் நூலின் முதல் தொகுதி 1902இல் வெளிவந்தது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கருநிறப் பொருளாவதும், அதைப் பக்குவமாகச் சூடேற்றிப் பதங்கித்தால் செந்நிறச் சாதிலிங்கம் ஆவதும் அவ்வேடுகளில் காணப்பட்டன. தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் இவை நன்கறிந்த பொருள்கள். இரண்டு தனிமங்கள் கூடி ஒரு சேர்மமாவதை இன்று சேர்க்கை வினை என்கிறோம். அப்பெயர் இல்லாமலே அவ்வினையை நம் முன்னோர் செய்திருக்கின்றனர். ஆனால் ராய் பழம்பெருமை பேசி நிறைவடைந்தவர் அல்லர். கையால் வேலை செய்வது இழிவு என்னும் எண்ணம் பரவியதும் கைத்தொழில் கற்றவரிடமிருந்து பிரிந்ததும் இந்நாட்டில் அறிவியல் தேய்ந்ததற்குக் காரணங்கள் என்று அந்நூலிலேயே கடுமையாக எழுதினார்.

அவரது தனிவாழ்க்கை மிக எளியது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1901ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் கல்கத்தாவில் கோகலேயுடன் தங்கியிருந்தபோது, கோகலே அவருக்கு ராயை அறிமுகப்படுத்தினார். மாதம் 800 ரூபாய் பெற்ற அப்பேராசிரியர், 40 ரூபாயை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுப்பணிக்குக் கொடுத்துவிடுகிறார் என்பதை அன்று காந்தியடிகள் அறிந்தார். அப்பணத்தில் படித்த ஏழை மாணவர் பலர். மேகநாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் ஆகியோர் அவரிடம் வகுப்பில் பயின்றவர்கள். ஞான சந்திர கோஷ், நீல ரத்தன் தர் முதலியோர் வேதியியலில் அவர் வழியைத் தொடர்ந்தவர்கள். தாய்மொழியில் அறிவியல் வளர வேண்டும் என்பதில் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. வேதியியலாளராக இருந்தும் சிறுவருக்காக வங்காள மொழியில் எளிய விலங்கியல் நூல் ஒன்றை எழுதினார்.

1916இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1921இல் அவருக்கு 60 வயது நிறைந்தது. அன்று முதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அறிவியல் கல்லூரியே நிவாரணப் பணியின் நிலையமாக மாறியது. குடுவைகள் இருந்த இடத்தில் துணிமூட்டைகளும் அரிசி மூட்டைகளும் குவிந்தன, மாணவர் தொண்டரானார்கள். 1924இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறந்த வேதியியல் ஆய்வுக்காக, பழங்கால இரசவாத அறிஞர் நாகார்ச்சுனர் பெயரால் ஒரு பரிசையும் நிறுவினார்.

75 வயதுவரை அவர் பாடம் நடத்தினார். தமக்கென வீடு கட்டிக்கொள்ளவில்லை. அறிவியல் கல்லூரியின் மாடியிலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். கதராடை, சில நூல்கள், சில தட்டுமுட்டுச் சாமான்கள், அவற்றோடு எப்போதும் வந்துபோகும் மாணவர்கள். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அந்த அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. 700 ரூபாயில் அவர் தொடங்கிய தொழிற்கூடம் பிற்காலத்தில் அரசு நிறுவனமாயிற்று. அமுல்ய சரண் அறிமுகப்படுத்திய ஓமத் திரவம் வங்காள வீடுகளில் இன்றும் வயிற்று வலிக்கு மருந்தாக வழங்கிவருகிறது.